எத்தனை நாள் பழசு? காவேரிப்பட்டினத்துக் கழிவில் எரிவாயு: ஒரு கணக்கு

காவேரிப்பட்டினம்னு கூகுளில் தட்டினால் பாதிப் பக்கம் பூம்புகார்தான் வரும். நான் சொல்றது அது இல்லைங்க. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற வழியில், கே.ஆர்.பி. அணையைத் தாண்டினதும் வருமே, அந்தக் காவேரிப்பட்டினம். பேர்லதான் காவேரி, பக்கத்தில் ஓடுறது தென்பெண்ணை.

அந்த ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூருக்குக் கிழக்கே இறங்கி, அந்த ஊர்ச் சாக்கடையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழை பெய்து தண்ணீர் திறந்துவிட்டால் அங்கே நுரை மலை மாதிரி எழும்பும். செய்தியில் பார்த்திருப்பீங்க. அதே தண்ணீர்தான் கே.ஆர்.பி. அணைக்கு வந்து, பிறகு காவேரிப்பட்டினத்தைத் தொடுகிறது.

மேலே பெங்களூரில் பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்து எரிந்தது. ஏரி எப்படிங்க எரியும்? குப்பை, நுரை என்று பல காரணம் சொன்னாங்க. அதில் ஒன்று, அடியில் படிந்த சாக்கடைக் கசடு காற்றில்லாமல் அழுகி விடுகிற மீத்தேன். அதாவது ஒரு நகரம் தன் சமையல் காஸை ஏரியில் ஊற்றி வைத்திருந்தது என்றும் சொல்லலாம். கொஞ்சம் மிகைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

ஃபைனல் இயரில் ப்ராஜெக்ட் தலைப்பு கேட்டால் பத்தில் இரண்டு டீம் "கழிவிலிருந்து மின்சாரம்" என்று எழுதிக் கொடுக்கும். நாங்களும் அப்படித்தான் கொடுத்தோம். பிபிடியில் எல்லாமே அழகாக இருக்கும். இடது பக்கம் கழிப்பறை, வலது பக்கம் பல்பு, நடுவில் ஒரு அம்புக்குறி. இந்தக் கட்டுரை அந்த அம்புக்குறியைப் பற்றியது. அதுக்குள்ள என்ன நடக்குது, நம்ம ஊர் மாதிரி ஒரு சின்ன ஊரில் அது எங்கே அறுந்து போகுது, எங்கே அறுந்து போகாது என்று பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்குது

சாண எரிவாயுக் கலன் கிராமத்துப் பக்கம் பார்த்திருப்பீங்க. கழிவுநீருக்கும் அதே வேதியியல்தான். காற்று புகாத ஒரு தொட்டி. உள்ளே பாக்டீரியாக்கள் நாலு ஷிஃப்டாக வேலை பார்க்கும். முதல் ஷிஃப்ட் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளை உடைத்துக் கரைக்கும். இரண்டாவது ஷிஃப்ட் கரைந்ததைக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். மூன்றாவது, அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்கும். நாலாவது ஷிஃப்டில் வருபவைதான் மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்கள். இவை பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்கிற தனி வகை. கடைசியில் வரும் வாயுவில் 60 சதவீதம் அளவுக்கு மீத்தேன், மீதி பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு.

சிக்கல் என்னன்னா, முதல் மூன்று ஷிஃப்டும் வேகமாக வேலை செய்யும், நாலாவது சோம்பேறி. அதுக்குச் சூடு வேணும், 35 டிகிரி வாக்கில் சந்தோஷமாக இருக்கும். பி.எச். 6.8-லிருந்து 7.4-க்குள் இருக்கணும். முன்னாடி ஷிஃப்ட் அமிலத்தைக் குவித்துக்கொண்டே போக, இது தின்னு முடிக்கவில்லை என்றால் தொட்டி புளித்துவிடும்.

புத்தகத்தில் இதை நாங்களும் படித்திருந்தோம். ஆனால் புரிந்தது எங்க கேன் புளித்த பிறகுதான். 20 லிட்டர் தண்ணீர் கேன், அடியில் கொஞ்சம் சாணக் கரைசல், மேலே ஜூஸ் கடையில் வாங்கின மாம்பழத் தோல். வாயுவைப் பிடிக்க பழைய பைக் டியூப். மூணாவது நாளே டியூப் உப்பிருச்சு. எங்க சந்தோஷத்துக்கு அளவே இல்லை, ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டாச்சு. பற்றவைத்தால் எரியவே இல்லை, நெருப்பு அணைஞ்சுதான் போச்சு. வந்தது அத்தனையும் கார்பன் டை ஆக்சைடு. மூடியைத் திறந்தால் வினிகர் வாசனை, பி.எச். தாளில் 5. தோல் போடுவதை நிறுத்தி, சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, புதுச் சாணம் சேர்த்து, இரண்டு வாரம் காத்திருந்த பிறகுதான் நீலமாக ஒரு சின்னத் தீ வந்தது. டியூப் உப்புறது வெற்றி இல்லை, தீ நிக்கிறதுதான் வெற்றி. நீங்க இந்த ப்ராஜெக்ட் எடுத்தால் இதை முதல் நாளே எழுதி வச்சுக்கோங்க.

15,000 பேர் கணக்கு

சுலப் இன்டர்நேஷனல் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீங்க. பிந்தேஷ்வர் பதக் தொடங்கிய அமைப்பு. அவர் 2023 ஆகஸ்ட் 15 அன்று காலமானார். 1982-ல் பாட்னாவில் ஒரு பொதுக் கழிப்பறையோடு எரிவாயுக் கலனை இணைத்து ஆரம்பித்தார்கள், அப்புறம் நாடு முழுக்கச் சுமார் 200 இடங்களில் செய்தார்கள். அவர்கள் அனுபவத்தில் வந்த கணக்கு: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கன அடி வாயு, அதாவது 28 லிட்டர்.

இதை நம்ம ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்கு 15,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்க. 15,000 பெருக்கல் 28 லிட்டர், 420 கன மீட்டர். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 450 கிராம் எல்பிஜிக்குச் சமம். ஆக 189 கிலோ எல்பிஜி. வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ என்பதால், ஒரு நாளைக்கு 13 சிலிண்டர். மின்சாரமாக மாற்றினால், சின்ன எஞ்சினில் கன மீட்டருக்கு இரண்டு யூனிட் கிடைத்தாலே அதிகம், 840 யூனிட். 24 மணி நேரமும் ஓடும் 35 கிலோவாட் ஜெனரேட்டர்.

ஊரே ஒளிரும் என்று நினைத்தவங்க இங்கே கொஞ்சம் உட்கார்ந்துக்கலாம். 15,000 பேர் உள்ள ஊருக்கு 35 கிலோவாட் என்பது சில தெருவிளக்கு வரிசையும் ஒரு பம்ப்பும். அதுவும் ஒவ்வொருத்தர் கழிவும் புதுசாக, தண்ணீர் கலக்காமல் கலனுக்கு வந்து சேர்ந்தால்தான்.

வராது. ஏன்னா நம்ம பக்கத்துச் சின்ன ஊர்களில் பெரும்பாலும் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். செப்டிக் டேங்க் என்பதே காற்றில்லாத ஒரு கலன்தான். கழிவு அங்கேயே அழுகி, மீத்தேன் உருவாகி, சுவர் ஓரமாக நிற்கும் அந்தக் குழாய் வழியாக வானத்துக்குப் போயிடுது. மீத்தேன் நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடை விட 27 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். லாரி வந்து எடுக்கும்போது மிஞ்சியிருப்பது ஏற்கனவே ஜீரணமான சக்கை. எரிந்து முடிந்த விறகுச் சாம்பலில் மறுபடி அடுப்பு பற்றவைக்கிற மாதிரி.

ஒரு லாரி அண்ணனிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "அண்ணே, ஒரு வீட்டில் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை எடுப்பாங்க?" சிரிச்சார். "வருஷக் கணக்கா தம்பி? நெறஞ்சு முற்றத்துல வந்தாதான் நம்ம நம்பர தேடுவாங்க. நேத்து எடுத்த வீடு, கட்டினதுலேர்ந்து இதான் முதல் தடவை. பதினொரு வருஷம்." இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கணும் என்பதுதான் பரிந்துரை.

அன்னைக்கு எங்க ப்ராஜெக்டின் முதல் பக்கத்தை மாற்றினோம். "எவ்வளவு கழிவு?" என்ற கேள்விக்கு முன்னாடி "எத்தனை நாள் பழசு?" என்ற கேள்வி.

5,000 லிட்டர் லாரி ஒன்றில் திடப்பொருள் 2 சதவீதம் என்று வைத்தால் 100 கிலோதான். மீதி 4,900 லிட்டர் தண்ணீர். அந்த 100 கிலோவிலும் மணல், சாம்பல் எல்லாம் போக ஜீரணிக்கக்கூடியது 60 கிலோ இருக்கலாம். பழைய கசடு என்பதால் அதிலிருந்து 10 கன மீட்டர் வாயு வந்தாலே நல்ல நாள் என்பது என் கணக்கு. ஒரு லாரிக்கு மூன்றில் ஒரு பங்கு சிலிண்டர்.

அப்போ சென்னையில் மட்டும் எப்படி?

சென்னைக் குடிநீர் வாரியத்தின் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் கசடிலிருந்து வரும் வாயுவால் எஞ்சின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தக் கரண்ட் பெரும்பாலும் அந்த நிலையத்தின் மோட்டார்களுக்கே போகும். கொடுங்கையூரில் இருக்கும் ஒரு நிலையத்துக்கு மட்டுமே ஒரு நாளைக்கு 110 மில்லியன் லிட்டர் கொள்ளளவு.

அங்கே பாதாளச் சாக்கடை இருக்கு. கழிவு சில மணி நேரத்தில் நிலையத்துக்கு வந்துவிடும். புதுசு! முதல் தொட்டியிலேயே கசடைப் படியவைத்து, கெட்டியாக்கி, அதை மட்டும் கலனுக்கு அனுப்புகிறார்கள். மொத்தத் தண்ணீரையும் அனுப்புவதில்லை.

ஏன் அனுப்பக் கூடாது என்பதுக்கு ஒரு அழகான கணக்கு இருக்கு, போட்டுப் பாருங்க. ஒரு லிட்டர் சாக்கடை நீரில் சி.ஓ.டி. அரை கிராம் என்று வைங்க. ஒரு கிராம் சி.ஓ.டி. நீங்கினால் 0.35 லிட்டர் மீத்தேன். ஆக அரை கிராமுக்கு 0.175 லிட்டர். ஒரு லிட்டர் மீத்தேனில் ஏறக்குறைய 36 கிலோஜூல், ஆக கிடைப்பது 6.3 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேணும். அதாவது சாக்கடையில் இருக்கும் மொத்த மீத்தேனையும் எரித்தால் அதே சாக்கடையை ஒன்றரை டிகிரிதான் சூடாக்க முடியும். கழிவில் எரிசக்தி இல்லை என்று அர்த்தம் இல்லை, அதைத் தண்ணீரில் மூழ்கடித்து வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். ஃப்ளஷ் தொட்டிதான் இந்தக் கதையில் வில்லன்.

அமெரிக்காவில் ஓக்லாந்து நகரத்துச் சுத்திகரிப்பு நிலையம் 2012-லிருந்து தான் செலவழிப்பதை விட அதிகமாக மின்சாரம் தயாரிக்கிறது. சாக்கடையை மட்டும் வைத்து இல்லை. ஹோட்டல் சாப்பாட்டு மிச்சம், ஒயின் ஆலைக் கழிவு எல்லாவற்றையும் லாரியில் வாங்கி அதே கலனில் கலக்கிறார்கள். இந்த ஒரு தகவல் நம்ம மாவட்டத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று கீழே வருகிறேன். அதுக்கு முன்னாடி வேறொண்ணு சொல்லணும்.

அதே வாயு

அடுப்பில் எரியும் இதே வாயுதான் செப்டிக் டேங்கில் இறங்குபவரைக் கொல்கிறது. மீத்தேன் காற்றை விட லேசு, மேலே போகும், காற்றில் 5-லிருந்து 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்பைடும் கனம், குழியின் அடியில் தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று படித்திருப்போம். ஆனால் 100 பிபிஎம் தாண்டினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதால் வாயு போயிருச்சுன்னு நினைச்சு இன்னும் ஒரு படி இறங்குவாங்க. 500-க்கு மேல் போனால் மயக்கம், இன்னும் கூடினால் சில நிமிஷத்தில் மரணம். ஒருத்தர் விழுந்தால் தூக்கப் போனவரும் விழுகிறார். செய்தியில் எப்போதும் "இருவர் பலி", "மூவர் பலி" என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், நமக்கு ரொம்ப தூரமில்லாத கோலார் தங்கவயலில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். துப்புரவுத் தொழிலாளர் குடும்பம். தங்கவயல் குடியிருப்பின் உலர் கழிப்பறைகளில் கையால் மலம் அள்ளியதை எதிர்த்துத்தான் அவர் போராட்டம் ஆரம்பித்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். 2016-ல் மகசேசே விருது பெற்றார். 2013-ல் மனிதர்களைக் கொண்டு மலம் அள்ளுவதையும், பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் இறக்குவதையும் தடை செய்த சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

சட்டம் இருந்தும் ஆள் இறங்குவது நிற்கவில்லை. உங்க வீட்டிலோ, வாடகைக்கு இருக்கும் இடத்திலோ டேங்க் எடுக்கணும் என்றால் 14420-க்குக் கூப்பிடலாம். இயந்திரத்தில்தான் எடுக்கணும். "கடைசியில கொஞ்சம் கெட்டியா இருக்கு, ஒரு ஆளு இறங்கி கிளறிவிட்டா போதும்" என்று யாராவது சொன்னால் முடியாது என்று சொல்லுங்க.

டிசைன் பண்ணும் நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கு. எரிவாயுக் கலனில் அடியில் மணல் சேரும், மேலே ஆடை மாதிரி கெட்டித் தட்டு கட்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தாகணும். எங்க முதல் வரைபடத்தில் மேலே ஒரு வட்டமான "மேன்ஹோல்" போட்டிருந்தோம், பெயரைப் பாருங்க. பிறகு அதை எடுத்துவிட்டு, அடியைக் கூம்பு வடிவமாக்கி, உள்ளே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்திலேயே கசடு வெளியே வரும்படி 6 அங்குலக் குழாய் போட்டோம். உள்வாயிலில் மணல் பிடிக்க ஒரு சின்னத் தொட்டி. செலவு கொஞ்சம் கூடியது. ஆள் உள்ளே இறங்கினால்தான் ஓடும் என்கிற கலனை "பசுமை எரிசக்தி" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பக்கத்து ஊர் பாடம்

பெங்களூர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தேவனஹள்ளி. 2015-ல் அங்கே செப்டிக் டேங்க் கசடுக்காகவே ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது, நாட்டிலேயே முதல் சில முயற்சிகளில் ஒன்று. நாளுக்கு 6,000 லிட்டர், அதாவது ஒன்றிரண்டு லாரி. சரிவை வைத்தே கழிவு ஒரு தொட்டியிலிருந்து அடுத்த தொட்டிக்கு இறங்கும், மோட்டார் தேவையில்லை. முதலில் எரிவாயுக் கலன், பிறகு நிலைப்படுத்தும் தொட்டி, பிறகு மணல் படுகையில் உலர்த்தல். உலர்ந்ததை ஊரின் ஈரக் குப்பையோடு சேர்த்து மக்கவைத்து உரமாக்குகிறார்கள். அங்கே பேசப்படுவது காஸ் இல்லை, உரம். பழைய கசடுக்கு அதுதான் சரியான எதிர்பார்ப்பு என்று நினைக்கிறேன். காஸ் வந்தால் போனஸ்.

மக்கவைப்பது சும்மா ஒரு சடங்கு இல்லை. குடல் புழு முட்டைகள் எரிவாயுக் கலனைத் தாண்டியும் உயிரோடு வரும். குவியலுக்குள் 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் சாகும். அதனால் குவியலில் தெர்மாமீட்டர் வைக்காத யாரும் அதைக் கீரைப் பாத்திக்குக் கொடுக்கக் கூடாது.

நம்ம ஊரில் எது புதுசு?

இப்போ காவேரிப்பட்டினத்துக்குத் திரும்புவோம். வீட்டு செப்டிக் டேங்க் பழசு, சரி. புதுக் கழிவு எங்கே இருக்கு? பஸ் ஸ்டாண்டு கழிப்பறை. அரசுப் பள்ளி, விடுதி. கல்யாண மண்டபம். நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டல்கள். ஓசூர் பக்கம் போனால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தங்கும் தொழிலாளர் விடுதிகள். இங்கெல்லாம் நிறைய பேர், ஒரே குழாய், தினமும். சுலப் பொதுக் கழிப்பறைகளில் ஜெயித்ததுக்குக் காரணமும் இதுதான். அதோடு அவர்கள் வடிவமைப்பில் ஊற்றும் தண்ணீர் ஒன்றிரண்டு லிட்டர்தான்.

அடுத்தது மாங்காய். கிருஷ்ணகிரியைச் சுற்றி மாங்கூழ் தொழிற்சாலைகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். சீசனில் பெங்களூராவும் அல்போன்சாவும் லோடு லோடாக உள்ளே போகும். பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையும்தான். கொட்டை மரம் மாதிரி, கலனில் ஜீரணமாகாது. அதைப் பிரித்துவிடணும். தோல் அப்படி இல்லை, டன்னுக்குச் சாணத்தைப் போலத் தோராயமாக இரு மடங்கு வாயு கொடுக்கும். சாணம் ஒரு கிலோவுக்கு 40 லிட்டர்.

மனிதக் கழிவையும் மாந்தோலையும் கலப்பதில் இன்னொரு லாபம். மனிதக் கழிவில் நைட்ரஜன் அதிகம், கார்பன்–நைட்ரஜன் விகிதம் 8-க்குப் பக்கம். கலனுக்குப் பிடித்தது 20-லிருந்து 30. தனியாகப் போட்டால் அம்மோனியா சேர்ந்து நுண்ணுயிர்கள் திணறும். மாந்தோலில் கார்பன் அதிகம், ஆனால் தனியாகப் போட்டால் எங்க கேன் மாதிரி புளிக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது சரி செய்யும். நடுவில் சாணம் 24-க்குப் பக்கம் இருப்பதால் சமாதானம் பேசும் பெரியவர் மாதிரி.

இதில் ஓட்டை இருக்கு, மறைக்க விரும்பல. மாங்கூழ் சீசன் இரண்டு மூன்று மாதம்தான். திடீரென்று ஜூனில் டன் கணக்கில் கொட்டினால் கலன் செத்துவிடும். மாட்டுத் தீவனத்துக்குச் செய்வது போல, தோலைக் காற்றுப் புகாமல் அமுக்கி மூடி வைத்து, மற்ற மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அதுக்கு இடம் வேணும், ஆள் வேணும், ஈ மொய்க்காமல் பார்க்கணும். மாட்டுக்காரங்களும் அதே தோலைக் கேட்பாங்க. அவங்க கேட்டால் அவங்களுக்குத்தான் முதலில் கொடுக்கணும் என்பது என் கருத்து. மாடு தின்றதுக்கு அப்புறமும் சாணம் நமக்குத்தானே வரும்.

ஹைட்ரஜன் சல்பைடு பிரச்சனைக்கும் பதில் நம்ம பகுதியிலேயே கிடக்கு. இந்த வாயுவை அப்படியே விட்டால் அடுப்பின் பர்னரும் எஞ்சினும் அரித்துப் போகும். துருப்பிடித்த இரும்பு அதைப் பிடித்துக்கொள்ளும், இரும்பு சல்பைடாக மாறும். ஓசூரில் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் சுருள் சுருளாக இரும்புச் சீவல் குவிந்திருக்கும். அதை எண்ணெய் போகக் கழுவி, தண்ணீர் தெளித்து வெயிலில் ஒரு வாரம் போட்டால் துரு ஏறும். ஒரு பிவிசி குழாயில் அடைத்து வாயுவை அது வழியாக விட்டால் வேலை முடிந்தது. கறுத்துப் போனதும் மாற்றணும். மாற்றும்போது கவனம்: கறுத்த சீவல் காற்று பட்டால் சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும். நனைத்து எடுத்து, திறந்த இடத்தில் பரப்பணும். எங்க டீமில் ஒருத்தன் அதை அட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு சாப்பிடப் போனான். பெட்டிக்கு நடுவில் பழுப்பாக ஒரு ஓட்டை. நல்லவேளை, அதோடு போச்சு.

மின்சாரமா, அடுப்பா? என் ஓட்டு அடுப்புக்கு. எஞ்சினில் போட்டால் வாயுவின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகும், சின்ன எஞ்சினில் அதுவும் வராது. பராமரிப்புக்கு மெக்கானிக் வேணும். அடுப்பில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குப் போகும். தவிர, வாயு குறைந்த அழுத்தத்தில் வருவதால் தூரம் கொண்டு போக முடியாது. கலன் இருக்கும் இடத்திலேயே ஒரு சமையலறை இருக்கணும். வீட்டுக்கு வீடு குழாய் என்பதெல்லாம் பிபிடியோடு நிற்கட்டும்.

"அந்த காஸ்லயா சமைப்பீங்க?" என்று முகம் சுளிப்பவர்களுக்கு என்னிடம் பெரிய வாதம் இல்லை. நேபாளத்தில் எத்தனையோ வீடுகளில் கழிப்பறையைச் சாண எரிவாயுக் கலனோடு இணைத்திருக்கிறார்கள், சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். எங்க ஹாஸ்டலில் கேட்டதுக்கு "மெஸ் சாம்பார் இப்ப இருக்கிறத விட மோசமாகவா ஆகும்?" என்று ஒரு பதில் வந்தது.

600 பேர் விடுதிக்கு

கடைசியாக, நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. உங்க ஹாஸ்டலில் 600 பேர். ஆளுக்கு 28 லிட்டர் வீதம் 17 கன மீட்டர். ஆளுக்கு 100 கிராம் சாப்பாடு வீணாகிறது என்றால் 60 கிலோ. ஒரு கிலோவுக்கு 100 லிட்டர் வாயு என்று வைத்தால் 6 கன மீட்டர். மொத்தம் 23. எல்பிஜி கணக்கில் 10 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மெஸ்ஸில் வாங்கும் 19 கிலோ சிலிண்டரில் பாதிக்கு மேல், தினமும்.

கலன் எவ்வளவு பெரிசு? ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர்தான் உள்ளே வருது என்றால் 3,000 லிட்டர். 30 நாள் தங்கணும், ஆக 90 கன மீட்டர். கட்டலாம். இப்போ சாதாரண ஃப்ளஷ், தடவைக்கு 10 லிட்டர், மூன்று தடவை என்று போடுங்க. 18,000 லிட்டர், 540 கன மீட்டர். கட்ட முடியாது. வாயு இரண்டிலும் ஒன்றுதான், தண்ணீர் மட்டும்தான் வித்தியாசம். அதனால் புது விடுதி கட்டும்போதே குளியல் தண்ணீரைத் தனிக் குழாயில் விடணும், கழிப்பறைக் கழிவை முதலில் ஒரு தொட்டியில் படியவைத்து அடிக்கசடை மட்டும் கலனுக்கு எடுக்கணும். பழைய கட்டடத்தில் குழாயை மாற்றுவது பெரிய வேலை. அங்கே மெஸ் மிச்சத்தை மட்டும் வைத்து ஆரம்பிப்பதே புத்திசாலித்தனம்.

ஆரம்பிக்கும்போது முதல் மாதம் வெறும் சாணக் கரைசல் மட்டும் ஊற்றுங்க, அதுவும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சாண எரிவாயுக் கலனின் ஸ்லரி ஒரு பங்காவது சேர்த்து. தீ நின்று எரிந்த பிறகு மற்றதைச் சேருங்க, வாரத்துக்குக் கொஞ்சமாக. பி.எச். தினமும். 6.5-க்குக் கீழே போனால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது, கலனுக்குத்தான்.

எங்க கேன் இப்போ லேபுக்குப் பின்னாடி, சுவர் ஓரம் வெயில் படும் இடத்தில் இருக்கு. இந்த வாரம் கால் பங்கு மாந்தோல், முக்கால் பங்கு சாணம், பி.எச். 7.1. அடுத்த வாரம் மெஸ் சாதம் சேர்க்கிறோம். தினசரி அளவு எல்லாம் ஒரு ஷீட்டில் போட்டு வச்சிருக்கோம், புளித்துப் போன முதல் இரண்டு வாரத்தையும் அழிக்காமல். ஜூனியர்ஸ் யாராவது தொடர விரும்பினால் கேட்டு வாங்கிக்கோங்க, கேனையும் சேர்த்து.